மூலையில் இருந்த வட்டம்

செப்டம்பர் 8, திங்கள்

நான்கு பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. ஆல்டன்பரி கல்லூரியின் பழைய நிர்வாகக் கட்டடத்தை இடிக்கிறார்கள். அதன் நிலவறையில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கிடந்ததாம். 1948 முதல் 1952 வரை இந்தக் கல்லூரியில் சேர மனுப்போட்டவர்களின் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படம், மதிப்பெண், ‘சேர்ப்பு’ அல்லது ‘நிராகரிப்பு’ என்று ஒரு முத்திரை. எழுபது வருடத் தூசியில் காலையிலிருந்து தும்மிக்கொண்டே இருக்கிறேன்.

மிரியம் ஊரில் இல்லை. மிரியம் ஸ்லோட்னிக் இந்த ஆவணக் காப்பகத்தின் தலைவி, என் மேலதிகாரி. கல்லூரிகளில் யூத மாணவர்கள் பட்டது, இன்னும் படுவது எல்லாவற்றையும் திரட்டி வைக்கிற திட்டம் அவருடையது. பழைய கடிதம், துண்டறிக்கை, சுவரில் கிறுக்கியதன் படம், பேட்டி, எதையும் விடமாட்டார். பேட்டி எடுக்க நியூயார்க் போயிருக்கிறார். போகும்போது, “உலா, பெட்டி வந்தா எண்ணு மட்டும் போட்டு வை. மத்ததை நான் வந்து பாத்துக்கிடுதேன்” என்றார். உலகம்மாள் என்ற பெயர் அவர் வாய்க்குள் பாதிக்கு மேல் போகாது.

அவர் சொன்னது இங்கிலீஷில்தான். யார் எந்த மொழியில் பேசினாலும் எழுதும்போது எனக்குத் தென்காசிப் பேச்சில்தான் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

எண் மட்டும் போடவா? நான் என்ன சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவளா? சென்னையில் பதினோரு வருடம் பழைய காகிதங்களோடு குடித்தனம் நடத்தியவள். வருகிறபோது பளிச்சென்று இருக்கட்டும், அசந்து போகட்டும் மனுஷி.

செப்டம்பர் 10, புதன்

இரண்டு பெட்டி முடிந்தது, மூன்றாவது பாதி. அட்டைமேல் ரப்பர் தூளைத் தூவி, பஞ்சுப் பொட்டலத்தால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுக்கு தூளோடு உருண்டு வந்துவிடும். சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. ஸ்கேனர் பழுதுபார்க்கப் போயிருக்கிறது. அது வரும்வரை காத்திருந்தால் மிரியம் வந்துவிடுவார்.

வலது மேல் மூலையில் பென்சிலால் சின்ன வட்டம், ஏகப்பட்ட அட்டைகளில். இன்று மட்டும் தொண்ணூறு வட்டம் அழித்திருப்பேன். எங்கள் சென்னை அலுவலகத்தில் வாசிக்க வருகிறவர்கள் இப்படித்தான், பிடித்த இடத்திலெல்லாம் பென்சிலால் கீறி வைத்துவிட்டுப் போவார்கள். தினம் காலையில் அதை அழிப்பதுதான் என் முதல் வேலை. கை தானாக அங்கே போகிறது. எந்த ஊர் குமாஸ்தாவானாலும் கிறுக்கல் புத்தி போகாது போல.

ஒரு அட்டை மட்டும் பாடாய்ப் படுத்தியது. 50/271. (ஆட்களின் பெயரை அலுவலகத்துக்கு வெளியே எழுதக்கூடாது, எண்தான்.) சுருட்டை முடி, படம் எடுத்தவனையே முறைக்கிற பார்வை, அச்சாக எங்கள் குற்றாலத்துச் சித்தி. மூலை வட்டம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்று தரம் தேய்த்தேன். மூன்றாம் தரம் காகிதம் லேசாக நார் எழும்பிவிட்டது. ஐயோ என்றிருந்தது. ஆனால் வட்டம் போய்விட்டது.

இந்த அட்டைகளில் ஒரு வேடிக்கை. மதம் என்ன என்று எங்கேயும் கேட்கவில்லை. ஆனால் ‘உங்கள் தந்தை எப்போதாவது பெயரை மாற்றிக்கொண்டதுண்டா?’ என்று ஒரு கேள்வி. எதற்காம்?

இந்தப் பக்கத்தில் இருக்கிற மஞ்சள் கறை சொதிக் குழம்பு. உபயம் என் வீட்டுக்காரர். கோமதிநாயகம், தென்காசியில் கணக்கு வாத்தியார். என் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்ததால் இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. அதனால் அடுப்படி அவருடையது. நோட்டின்மேல் கரண்டியை வைத்துவிட்டு, “மேசையில நோட்டை ஏன் விரிச்சு வச்சிருக்க?” என்று என்னையே கேட்கிறார்.

செப்டம்பர் 12, வெள்ளி

மூன்று பெட்டி முடிந்தது. நான்காவது, S முதல் Z வரை, அப்படியே இருக்கிறது. தோள்பட்டை கழன்று விழுகிறது. அழுக்குத் தூளைக் கூட்டிக் குப்பையில் போட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

மிரியம் வந்துவிட்டார். அட்டைகளைப் பார்த்து, “நேத்து அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு!” என்றார். பெருமை தாங்கவில்லை. எண் மட்டும் போடச் சொன்னதை அவரும் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று ஒரு அம்மா வந்தார். ஸெல்டா பெர்ல்மட்டர், வயது தொண்ணூற்று மூன்று. தலையில் சிவப்புத் தொப்பி, கையில் ஒரு தடி, அந்தத் தடியால் கதவைத் தட்டினார். இவர் பெயரை எழுதலாம். “எல்லா எடத்துலயும் எழுது, எனக்கென்ன பயம்” என்று அவரே சொன்னார்.

1950இல் இங்கே மனுப்போட்டவர். பள்ளியில் முதல் மாணவி. ‘போதிய தகுதி இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்ததாம். பரீட்சையில் இவரைப் பார்த்து ஜியோமெட்ரி எழுதிய அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததாம்.

“எங்க அப்பா தையக்காரரு. இங்கிலீஷ் எழுத வராது. அவரு கடிதாசி எல்லாம் நான்தான் எழுதுவேன். அந்தப் பதிலு வந்த அன்னைக்கே அந்த வேலையைத் தம்பிகிட்ட குடுத்துட்டாரு. ஒரு வார்த்தை திட்டல பாத்துக்கோ. பேனாவை மட்டும் எடுத்து அவன்கிட்ட குடுத்துட்டாரு” என்றார். அதன்பிறகு நாற்பத்தொரு வருடம் ஒரு தொப்பிக் கடையில் நின்றிருக்கிறார்.

பேட்டி முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் மக்குதானா, இல்ல அவங்க என் பேரைப் பாத்துட்டுத் தள்ளுனாங்களா? அதை மட்டும் பாத்துச் சொல்லு, தாயி. சாகுறதுக்கு முந்தி சொல்லு.”

பெர்ல்மட்டர், மூன்றாவது பெட்டி, 50/271. எடுத்துக் கொடுத்தேன். மிரியம் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து முன்னும் பின்னும் தேடினார். யூதர்கள் இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று ரகசியமாகக் கணக்கு வைத்திருந்த கல்லூரிகள் அட்டையில் ஏதாவது குறி போடும், ஒரு எழுத்தோ ஒரு புள்ளியோ இருக்கும் என்றார். ஒன்றும் இல்லை. மூலை வெள்ளை வெளேரென்று இருந்தது.

“அப்ப நான் மக்குதான் போல” என்றார் ஸெல்டா. தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

அட்டையை உறையில் போட்டு மூன்றாவது பெட்டியை மூடினேன். நான்காவதைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

அவர்களுடைய புது வருடம் இன்று சாயங்காலம் பிறக்கிறது. மிரியம் தேனும் ஆப்பிளும் கொடுத்துவிட்டு இரண்டு நாள் விடுப்பில் போனார். நான்காவது பெட்டியைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை. வேறு வேலை நிறைய.

செப்டம்பர் 25, வியாழன்

டாலியா என்று ஒரு மாணவி, இரண்டாம் ஆண்டு. ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே மெசூசா. யூதர்கள் வாசல் நிலையில் பதித்து வைக்கிற சிறு குழல், அதற்குள் வேத வரிகள் எழுதிய தோல் சுருள் இருக்கும். விடுதியில் இவள் அறைக் கதவிலிருந்து யாரோ பெயர்த்துக் காலால் மிதித்திருக்கிறார்கள். இந்த வருடம் இரண்டாவது தடவை. நடுவில் விரிசல், மேலே சேற்றுச் செருப்பின் தடம். அவள் கதவில் மட்டும்தான் நடந்திருக்கிறது. விடுதிக் காப்பாளர் யாரோ விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள் என்று எழுதிக்கொண்டாராம்.

என் கை பழக்கத்தில் பஞ்சை எடுத்துவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தொடச்சிராதீங்க! அந்தத் தடம்தான் சாட்சி. அதையும் தொடச்சிட்டா, தானா விழுந்துச்சுன்னு சொல்லிருவாங்க.”

நான் பஞ்சைக் கீழே வைத்தேன். நன்கொடைப் படிவத்தில் அவள் கையெழுத்தை வாங்கினேன். எங்கே கையெழுத்திட வேண்டும் என்று கேட்டாள், தவறான இடத்தைக் காட்டினேன். அவள் போனதும் நான்காவது பெட்டியைத் திறந்தேன்.

வட்டம் போட்ட அட்டைகளைத் தனியே எடுத்தேன். எண்பத்தெட்டு. பெயர்களை எழுதமாட்டேன். ஆனால் அநேகமாக அத்தனையும் மிரியமின் தெருவில் வீட்டு வாசலில் எழுதியிருக்கிற மாதிரி யூதப் பெயர்கள். தந்தை பெயர் மாற்றியதுண்டு என்று பதில் எழுதிய அட்டை ஒன்றுவிடாமல் வட்டம். பழைய யூதப் பெயரை மோப்பம் பிடிக்கத்தான் அந்தக் கேள்வி. எண்பத்தெட்டில் எண்பத்தொன்று நிராகரிப்பு.

செப்டம்பர் 26, வெள்ளி

அழித்தது நான்.

செப்டம்பர் 29, திங்கள்

நான்காவது பெட்டியை மிரியமும் பார்த்துவிட்டார். “உலா! உலா! இங்க வா!” என்று கூவியதில் வாசகசாலையே திரும்பிப் பார்த்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நான் மரம் மாதிரி நின்றேன்.

மத்தியானம் கல்லூரி வக்கீல் கார்ட்ரைட் வந்தார். அடுத்த வாரம் கல்லூரி நிர்வாகக் குழு கூடுகிறது. அந்தக் காலத்தில் யூத மாணவர்களைத் திட்டமிட்டுத் தள்ளினோம் என்று கல்லூரி ஒப்புக்கொள்வதா, இல்லையா என்று அதில்தான் முடிவு. அவர் நிதானமாக அட்டைகளைப் பார்த்தார்.

“நாலு பெட்டியில மூணு பெட்டி சுத்தமா இருக்கே, மேடம். S முதல் Z வரை பாத்த குமாஸ்தா ஒருத்தர் கிறுக்கி வச்சிருக்காரு. ஒருத்தர் கிறுக்குனா அது கல்லூரியோட கொள்கை ஆயிருமா?”

மிரியம் மூன்று பெட்டிகளையும் மறுபடி புரட்டினார். பதில் என் வாய்க்குள் இருந்தது. நான் அழித்ததால் அத்தாட்சி குறைந்தது மட்டுமில்லை, பாவி நான், எதிராளிக்கே அத்தாட்சி செய்து கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் சொல்லிவிட்டேன். கோமதிநாயகம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா? பென்சில் கோடு தானே? வேணும்னா செஞ்ச? நீயா போயி மாட்டிக்கிடாத. வேலை போச்சுன்னா விசா போச்சு. அறுவது நாளுல மூட்டை கட்டணும்.”

“அந்தம்மா தன்னை மக்குன்னு நினைச்சுக்கிட்டுச் சாவப்போறா.”

“எழுவத்தஞ்சு வருசமா நினைச்சுக்கிட்டுத்தானே இருந்தா?”

சொன்ன பிறகு அவருக்கே சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். எழுந்து எனக்குச் சோறு போட்டார்.

அக்டோபர் 1, புதன்

இன்று சூரியன் மறைந்தால் அவர்களுக்குப் பெரிய நோன்பு. அதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கமாம். மிரியம் என் மேசைக்கு வந்தார். “இந்த வருசம் ஒம் மனசு நோவ ஏதாவது பேசிருந்தா மன்னிச்சிரு, உலா” என்றார்.

என்னிடம்! அவர்! கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 2, வியாழன்

அலுவலகத்தில் பாதிப் பேர் இல்லை. நானும் எதுவும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

சொல்லிவிட்டேன். கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த மிரியமிடம் வாசலிலேயே நின்று சொன்னேன். அவர் ஒரு கை கோட்டுக்குள்ளேயே இருக்க உட்கார்ந்துவிட்டார்.

“போட்டோ எடுத்தியா?”

“இல்ல.”

“நான் எண்ணு மட்டும்தானே போடச் சொன்னேன்?”

“ஆமா.”

வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் வரவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

“என்கிட்ட மன்னிப்புக் கேக்காத. கேக்குறதுன்னா அந்தம்மாகிட்ட கேளு. எங்க வழக்கத்துல ஒருத்தருக்குச் செஞ்ச தப்பைக் கடவுள்கூட மன்னிக்க முடியாது. அவங்கதான் மன்னிக்கணும்” என்றார். பிறகு மேசை விளக்கைக் காட்டி, “அதை எடுத்துட்டு வா” என்றார்.

விளக்கை அட்டைக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும். மாலைவரை பார்த்தோம். மெத்தென்ற பென்சில், எவனோ பூப்போல எழுதியிருக்கிறான். பதினோரு அட்டைகளில் மட்டும் அரைகுறையாக ஒரு வளைவு. 271இல் பள்ளம் தெரியவில்லை.

“இதுல மட்டும் மூலை ஏன் நார் நாரா நிக்கி? ரொம்பத் தேச்சியா?” என்றார் மிரியம்.

எனக்கு ஞாபகமில்லை. ஆயிரத்துச் சொச்சம் அட்டை. அந்த அம்மாவுடைய அட்டையில் வட்டம் இருந்ததா இல்லையா, என் தாயார்மேல் ஆணையாக ஞாபகமில்லை. இருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். யார் மறுக்க முடியும்? அந்த அம்மா நிம்மதியாகக் கண்மூடுவார். ஆனால் ஏற்கெனவே ஒன்றை அழித்தவள் இப்போது ஒன்றை எழுதவும் செய்தால் நான் யார்?

அக்டோபர் 7, செவ்வாய்

நிர்வாகக் குழு. நீள மேசை, பன்னிரண்டு பேர். எல்லாவற்றையும் சொன்னேன். கார்ட்ரைட் மரியாதையாகத்தான் கேட்டார்.

“எத்தனை வட்டம் அழிச்சீங்க?”

“நிறைய.”

“எந்தெந்த அட்டையில?”

“தெரியாது.”

“என்னைக்கு?”

“செப்டம்பர் ரெண்டாவது வாரம்.”

“குறிப்பு ஏதாவது? படம்? பட்டியல்?”

“இல்ல.”

அவர் பேனாவை மூடினார். “திட்டத்து மேல இவங்களுக்கு இருக்குற ஈடுபாட்டை மதிக்கேன். அந்தப் பதினோரு வளைவும் பஞ்சு தேச்ச தடமா இருக்கலாம். ஆனா அழிச்சவங்களே வந்து, இருந்துச்சுன்னு சொல்லுறதை எப்படி ஏத்துக்கிட?”

பொய் சொல்லுகிறேன் என்று நினைக்கிறார்கள்! வேலையைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து பொய் சொல்வேனா? மறுபடி வெள்ளிக்கிழமை கூடுகிறார்களாம். அதற்குள் நான் சுத்தம் செய்த தேதிகளையாவது எழுதித் தர வேண்டும்.

அதே நாள், மாலை

தேதி பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன்.

செப்டம்பர் 10. சொதிக் கறைக்கு மேலே. என் கையெழுத்து.

50/271. மூலை வட்டம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்று தரம் தேய்த்தேன்.

நான் போட்ட சத்தத்தில் கோமதிநாயகம் கையில் கரண்டியோடு ஓடிவந்தார். படித்துக் காட்டினேன். தொண்ணூறு வட்டம், சுருட்டை முடி, நார் எழும்பியது, எல்லாம் இருக்கிறது. இந்த அம்மாவை நான் பார்ப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் எழுதியது. கோமதிநாயகம் நோட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

“சரி. அந்த ஒரு தாளைக் கிழிச்சுக் குடுத்துரு. மத்ததெல்லாம் எதுக்கு? நான் மறைக்கச் சொன்னது எல்லாம்லா இதுல இருக்கு” என்றார்.

“கிழிச்சா செல்லாது. முன்ன பின்ன எழுதினது இருந்தாத்தான் இது அன்னைக்கு எழுதினதுன்னு நம்புவாங்க. முழு நோட்டும் போவணும்.”

“என் பேரோடயா?”

“உங்க பேரோட.”

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “அப்ப நான் சோறு போட்டதையும் எழுதிருக்கியான்னு பாரு” என்றார். எழுதியிருந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஸெல்டா அம்மாவின் வீட்டுக்கு நோட்டோடு போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். போன வாரத்திலிருந்து எழுந்து நடக்க முடியவில்லை. சிவப்புத் தொப்பி கட்டில் கம்பியில் தொங்கியது.

முதலில் நான் செய்ததைச் சொன்னேன். அட்டையில இருந்த குறியை அழிச்சது நான்தான், என்னை மன்னிச்சிருங்க என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. புகைப்படத்தில் முறைத்தாரே, அதே பார்வை. “எதுக்கு அழிச்ச?” என்றார். அழுக்குன்னு நினைச்சேன் என்றேன். “அழுக்குதான்” என்றார்.

அப்புறம் செப்டம்பர் 10ஐப் படித்தேன். தமிழில் படிக்கச் சொன்னார். புரியாமலே கேட்டார். பிறகு ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன். மூன்று தரம் தேய்த்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“முத தரம் போகலையா?”

“போகல.”

“ரெண்டாந்தரம்?”

“போகல.”

“அவ்வளவு அழுத்தியா போட்டிருக்கான் எனக்கு!” என்று சிரித்தார். சிரிப்பு எங்கேயோ உடைந்து, வாயைப் பொத்திக்கொண்டு, பதினெட்டு வயதுப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். “அப்பா, அப்பா” என்றார். நான் கட்டிலில் உட்கார்ந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணும் நிற்கவில்லை.

கிளம்பும்போது மேசையைக் காட்டினார். “அந்தப் பேனாவை எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். என் நோட்டின் அந்தப் பக்கத்து ஓரத்தில், அவரே எழுதினார். அங்கே அவர் கையெழுத்தில் இருப்பது இதுதான்: ‘நான் 271. ஸெல்டா பெர்ல்மட்டர்.’

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. நாளைக்கும் வா, தமிழில் படி என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

வெள்ளிக்கிழமை குழு நோட்டைப் பார்த்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து முழுக்கப் படித்தார்களாம். கார்ட்ரைட் எதிர்த்துப் பேசவில்லை. கல்லூரி ஒப்புக்கொள்கிறது. நேற்று எனக்கும் ஒரு கடிதம் வந்தது: விதி மீறிச் சுத்தம் செய்ததற்காக இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. நியாயம்தான். ஆனாலும் இரண்டு தரம் படித்தேன். கோமதிநாயகம் பெரிய சூட்கேசைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஸெல்டா அம்மா ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போய்விட்டார். சனிக்கிழமை மாலையும் படித்துக் காட்டியிருந்தேன்.

இன்று நன்கொடைப் படிவத்தில் கையெழுத்திட்டு இந்த நோட்டை மிரியமிடம் கொடுக்கிறேன். புதிதாக ஐந்தாவது பெட்டி, இரண்டாவது உறை. டாலியாவின் மெசூசாவுக்கு அடுத்து.

இதைக் கையாளப் போகிறவருக்கு: தயவுசெய்து எதையும் சுத்தம் செய்யாதீர்கள். சொதிக் கறையையும் விட்டுவிடுங்கள்.